முன்கதவு மெஷினும் நம் கடைப் பவுடரும்



அரிசி, பருப்பு, எண்ணெய் விலை பற்றியே எழுதி வந்தவன் இந்த முறை துணி துவைக்கும் தூளைப் பற்றி எழுதுகிறேன். இது ஒரு விஷயமா என்று சிலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போன ஐப்பசியில் திருச்சுழிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி சரக்கு எடுக்க வந்தார். பத்துப் பதினைந்து வருடமாக என்னிடம் கொள்முதல் செய்பவர், சின்ன பலசரக்குக் கடை. அன்றைக்கு அவர் முகம் சரியில்லை. விசாரித்தேன்.

"டீச்சரம்மா வீட்டு நோட்டு போயிருச்சு அண்ணாச்சி" என்றார்.

மாதச் சாமான் நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய்க்கு வாங்கும் வீடு அது. சம்பளம் வந்ததும் கணக்குத் தீர்க்கும் வீடு. கடன் நோட்டில் இப்படி நாலு பெயர் இருந்தால்தான் நம் சின்னக் கடைகள் நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த டீச்சர் ஒரு வாஷிங் மெஷின் வாங்கினார். முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு உள்ளது. வாங்கிய கையோடு கடைக்கு வந்து, "மெஷினுக்குன்னு தனிப் பவுடர் இருக்காமே, அது இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். தம்பி கடையில் அது இல்லை. "எல்லாம் ஒண்ணுதான் டீச்சர். இதையே போடுங்க, நல்லா நுரை வரும்" என்று பக்கெட்டில் ஊறவைக்கும் சாதாரணத் தூளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஏழெட்டு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. ஐப்பசியில் நல்ல மழை பிடித்தது. மொட்டைமாடித் தண்ணீர் சம்ப்பில் நிரம்ப, மோட்டார் போட்டு மேல் தொட்டிக்கு ஏற்றினார்கள். அடுத்த நாள் மெஷினைப் போட்டால் பவுடர் போடும் இழுப்பறை வழியாக நுரை பொங்கி வழிந்து தரையெல்லாம் ஓடியிருக்கிறது. மெஷின் பாதியில் நின்று, திரையில் ஏதோ எழுத்து வந்ததாம். மதுரையிலிருந்து மெக்கானிக் வந்து பார்த்து, வண்டிச் செலவோடு கூலியும் வாங்கிக்கொண்டு, "யாரு இந்தப் பவுடரைப் போடச் சொன்னது?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த டீச்சர் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் சொல்லியிருக்கலாம். பேசாமல் மதுரையில் ஒரு பெரிய கடைக்குப் போய்ப் பவுடர் வாங்கினார். அப்படியே பருப்பு, மிளகாய், காபித்தூள் எல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதோடு சரி.

ஒரு பாக்கெட் பவுடரில் அந்தத் தம்பிக்குக் கிடைத்த லாபம் ஐந்தோ ஆறோ ரூபாய்.

அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. "எல்லாம் ஒண்ணுதான்" என்ற வாசகம் அவருடையது அல்ல, என்னுடையது. அதற்கு ஒரு வருடம் முன்பு இதே தம்பி "மெஷின் பவுடர் ஒரு பெட்டி போடலாமா அண்ணாச்சி?" என்று கேட்டபோது, "அதெல்லாம் கம்பெனிக்காரன் வித்தை, பேரை மாத்தி விலையைக் கூட்டுறான்" என்று சொல்லி, ஸ்கீம் ஓடிக்கொண்டிருந்த சாதாரணத் தூளை இரண்டு மூடை சேர்த்து ஏற்றிவிட்டவன் நான். அந்த உறுத்தலில்தான் மெஷின் ரிப்பேர் பார்ப்பவர்களிடமும், விஞ்ஞானம் படித்த என் மருமகனிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதலில் மெஷினைப் புரிந்துகொள்ள வேண்டும். மேலே மூடி உள்ள மெஷினில் துணி தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும், நடுவில் உள்ள சக்கரம் அலசும். நுரை கொஞ்சம் கூடினாலும் மேலே இடம் இருக்கிறது. முன்கதவு மெஷினில் டிரம் படுத்த வாக்கில் சுற்றுகிறது. அடியில் கொஞ்சம் தண்ணீர்தான். துணி டிரம்மோடு மேலே ஏறி, அங்கிருந்து தொப்பென்று கீழே விழ வேண்டும். குண்டாற்றங்கரைக் கல்லில் துணியை ஓங்கி அடித்துத் துவைத்தார்களே, அதே வேலையை இது தானாகச் செய்கிறது. அந்த அடியில்தான் அழுக்குப் போகிறது. டிரம் முழுக்க நுரை இருந்தால் துணி எதன் மேல் விழும்? பஞ்சு மெத்தை மேல் விழுந்த மாதிரி விழும். அடி விழாது, அழுக்கும் போகாது. போதாததற்கு, தண்ணீரை வெளியே தள்ளும் பம்ப் நுரையைத் தள்ள முடியாமல் திணறும். சில மெஷின்கள் நுரையை உணர்ந்து தானாகவே நின்றுவிடும், அல்லது கூடுதலாக ஒரு அலசல் போடும். அதற்குத் தண்ணீரும் கரண்டும் கூடுதல். அலசிய பிறகும் துணியில் தூள் தங்கினால் உடம்பில் அரிப்பு வரும். கதவைச் சுற்றியுள்ள ரப்பரில் பிசுக்குப் படிந்து கறுப்புப் பூஞ்சை பிடித்து வாடை அடிக்கும். பழியெல்லாம் மெஷின் மேல் போகும், சில சமயம் நம் மேல்.

நுரைக்கும் வெளுப்புக்கும் சம்பந்தமே இல்லையா என்று கேட்பீர்கள். கையால் துவைக்கும்போது, தூள் போதுமா போதாதா என்று கண்ணுக்குக் காட்டும் அடையாளம் நுரை. அழுக்கை எடுப்பது நுரை அல்ல, தண்ணீரில் கரைந்திருக்கும் மருந்து. ஆனால் நாம்தானே ஜனங்களுக்கு நுரையைக் காட்டி விற்றோம்! நான் அப்பா கடையில் உட்கார்ந்த காலத்தில் 501 பார் சோப்பைக் கம்பியால் அறுத்துக் கொடுப்போம். சவுக்காரம் என்றுதான் கிழவிகள் கேட்பார்கள். சர்ஃப் 1959இலேயே வந்துவிட்டது, ஆனால் அது வசதியான வீட்டுச் சரக்கு. 1969இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் சைக்கிளில் வைத்து விற்கத் தொடங்கிய நிர்மா நம் ஊர் வரை வந்த பிறகுதான் ஏழை வீட்டிலும் தூள் புழங்கியது. பக்கெட்டில் ஒரு கை போட்டுக் கலக்கினால் குப்பென்று நுரை எழும். அந்த நுரைதான் அந்தச் சரக்குக்கு விளம்பரம். நாற்பது வருடமாக அப்படிப் பழகிய கையிடம் இன்றைக்கு "நுரை வராத பவுடர்தான் நல்ல பவுடர்" என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள்.

நமக்கு மட்டும் நேர்ந்த குழப்பம் இல்லை இது. அமெரிக்காவில் 1937இல் பெண்டிக்ஸ் என்ற கம்பெனி முன்கதவு வைத்த தானியங்கி மெஷினைக் கொண்டுவந்தது. அங்கேயும் சாதாரணத் தூள் நுரை தள்ளியது. 1940களின் பிற்பகுதியில் மொன்சான்டோ கம்பெனி 'ஆல்' என்ற பெயரில் நுரை குறைந்த தூளைத் தயாரித்தது. நம் நாட்டில் முன்கதவு மெஷின் ஐ.எஃப்.பி. கம்பெனி மூலம் பெரிய ஊர்களில் பரவியது 1990களில்தான். அங்கே அரை நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்த விஷயம் நம் கடைத் தட்டுக்கு வர இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

இனி தண்ணீர் விஷயம். இதைத்தான் நம் வட்டாரக் கடைக்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

நம் கரிசல் பூமியில் போர் போட்டால் பல இடங்களில் சவர் தண்ணீர்தான். பழைய இராமநாதபுரம் ஜில்லாவை 'தண்ணியில்லாக் காடு' என்று சொன்னவர்கள், இருக்கிற தண்ணீரின் குணத்தையும் சேர்த்துத்தான் சொன்னார்களோ என்னவோ. அதில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கூடுதல். இதைக் கடினத்தன்மை என்கிறார்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஒரு லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாவிட்டால் 600 வரை ஏற்கலாம் என்கிறது. சோப்பு இந்த உப்போடு சேர்ந்தால் திரிந்து வெள்ளைப் பிசுக்காகிவிடும். நம் பெண்கள் போர்த் தண்ணீரில் சோப்புப் போட்டு நுரை வராமல் அலுத்துப்போவது இதனால்தான். டிடர்ஜென்ட் தூள் அந்த அளவுக்குத் திரியாது, ஆனாலும் அதன் மருந்தில் ஒரு பங்கை உப்பு விழுங்கிவிடும். அதனால் நுரையும் குறையும்.

இப்போது டீச்சர் வீட்டுக் கதைக்கு வாருங்கள். ஏழெட்டு மாதம் சாதாரணத் தூள் தொந்தரவு செய்யாமல் இருந்ததற்குக் காரணம் பவுடரின் நல்ல குணம் அல்ல, போர்த் தண்ணீரின் கெட்ட குணம். உப்பு நுரையை அடக்கி வைத்திருந்தது. மழைத் தண்ணீரில் உப்பே கிடையாது. 2003இல் அரசாங்கம் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கியபோது கட்டிய தொட்டி அந்த வீட்டில் ஒழுங்காக வேலை செய்தது, அவ்வளவுதான். அதே மெஷின், அதே தூள், அதே அளவு. தண்ணீர் மட்டும் மாறியது, நுரை பொங்கிவிட்டது. ஆற்றுத் தண்ணீர்க் குழாய் இணைப்பு புதிதாக வரும் வீட்டிலும் இதே கதைதான் நடக்கும். ஆகவே "எங்க வாடிக்கையாளர் ஒரு வருஷமா இதைத்தான் போடுறாங்க, ஒண்ணும் ஆகலையே" என்று எந்தக் கடைக்காரரும் தைரியமாக இருக்க வேண்டாம்.

மெஷினுக்கான தூளில் அப்படி என்னதான் வேறு? அழுக்கெடுக்கும் மருந்து அதிலும் உண்டு. கூடவே நுரை எழும்பாத வகை மருந்தும், எழும்பும் நுரையை உடைக்க சிலிக்கோன் போன்ற பொருளும் சேர்க்கிறார்கள். சவர் உப்பைக் கட்டிப்போடும் சரக்கும் அதில் இருக்கும். இதையெல்லாம் கேட்ட பிறகு, கம்பெனிக்காரன் வித்தை என்று நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டேன். விலை அதிகம்தான், அதில் விளம்பரச் செலவும் இருக்கிறதுதான். ஆனால் சரக்கு வேறு சரக்கு.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். முன்கதவு மெஷின் தண்ணீர் குறைவாகக் குடிக்கும். மேல்மூடித் தானியங்கி மெஷின் 100 லிட்டருக்கு மேல் கேட்கும் துணிக்கு இது 50, 60 லிட்டரில் முடித்துவிடும். மாடலுக்கு மாடல் கூடும் குறையும். மூன்று நான்கு குடம் தண்ணீர் ஒரு தடவைக்கு மிச்சம் என்றால் நம் பக்கத்தில் அது சின்ன விஷயமா? ஆகவே இந்த மெஷின் அருப்புக்கோட்டையோடு நிற்காது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் தாய் தகப்பனுக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள், கல்யாணச் சீரில் வருகிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் வாஷிங் மெஷினே இலவசமாகத் தருகிறோம் என்று தேர்தல் அறிக்கையில் போடும் அளவுக்கு அது சாதாரணப் பொருளாகிவிட்டது. நரிக்குடியிலும் பந்தல்குடியிலும் நம் கடைப் படியேறி ஒருவர் கேட்கத்தான் போகிறார்.

அப்போது என்ன கொடுப்பது? "என்ன மெஷின்மா? மேல்மூடியா, முன்கதவா?" இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். முன்கதவு என்றால் பாக்கெட்டில் 'ஃப்ரண்ட் லோடு' என்று அச்சிட்டதைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். சர்ஃப் எக்செல் மேட்டிக், ஏரியல் மேட்டிக் இரண்டிலும் ஃப்ரண்ட் லோடு தனி, டாப் லோடு தனி. வெறுமனே 'மேட்டிக்' என்ற சொல்லைப் பார்த்து எடுத்துக் கொடுத்தால் மாறிப்போகும். கடைப் பையன்கள் பாக்கெட்டின் நிறத்தை மட்டும் நினைவில் வைத்து எடுப்பார்கள். கம்பெனிக்காரர்கள் நினைத்தபோது அட்டையை மாற்றுவார்கள். தட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்காதீர்கள். திரவமாக வருவதும் நல்லதுதான், இழுப்பறையில் கட்டி தட்டாது. அதிலும் ஃப்ரண்ட் லோடு என்று போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மேல்மூடி என்றால் டாப் லோடு. இரண்டு தொட்டி வைத்த பழைய செமி மெஷின் என்றால் வழக்கமான தூளே போதும். அந்த வீட்டுக்கு, விலை கூடின சரக்காயிற்றே என்று ஃப்ரண்ட் லோடு தூளைத் தள்ளிவிடாதீர்கள். பாலையம்பட்டிப் பக்கம் ஒருவர் அப்படித் தள்ளிவிட்டு, மறுநாளே "நுரையே வரலை, டூப்ளிகேட் சரக்குக் குடுத்துட்டீங்க" என்று பாக்கெட்டைத் தூக்கி கல்லா மேல் வைத்தார்களாம். பாதி பிரித்த பாக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அதை என்னிடம் அனுப்பினார். நான் யாரிடம் அனுப்புவது?

சில்லறையாக எடை போட்டு விற்கும் உள்ளூர்த் தூளும், கிலோ இவ்வளவு என்று ஆட்டோவில் கூவி விற்பதும் முன்கதவு மெஷினுக்கு ஆகவே ஆகாது. அதை வாங்கும் வீடு எது என்று நமக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு மெஷின் வந்துவிட்டது என்று தெரிந்தால் நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும். அளவு எவ்வளவு என்று கேட்டால் பாக்கெட்டில் போட்ட அளவைக் காட்டுங்கள், நம் கைக்கணக்கைச் சொல்ல வேண்டாம். சவர் தண்ணீர் வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும், அதுவும் பாக்கெட்டிலேயே இருக்கும். ஏற்கெனவே சாதாரணத் தூள் போட்டு நுரை பொங்கிவிட்டது என்று யாராவது ஓடி வந்தால், மெஷினை நிறுத்தி நுரை அடங்கும் வரை விட்டு, தண்ணீரை வெளியேற்றிவிட்டு, தூள் போடாமல் ஒன்றிரண்டு தடவை அலசல் மட்டும் ஓடவிடச் சொல்லுங்கள். பெரும்பாலும் மெக்கானிக் தேவைப்படாது.

இன்னொன்று. போர்த் தண்ணீரில் ஓடும் மெஷினின் உள்ளே உள்ள ஹீட்டரில் வெள்ளைக் காரை படியும். அதைக் கரைக்கும் தூள் என்று மெக்கானிக்குகள் நல்ல விலைக்கு விற்கிறார்கள். நம் கடையில் இருக்கும் எலுமிச்சை உப்பும் அந்தக் காரையைக் கரைக்கும். மெஷினோடு வந்த புத்தகத்தைப் பார்த்து, அதில் சொன்னபடி செய்யச் சொல்லி விற்கலாம். மெஷின் கம்பெனிகளே தங்கள் பெயரில் பவுடரும் போடுகிறார்கள், ஐ.எஃப்.பி. அப்படித்தான் விற்கிறது. சர்வீசுக்கு வரும் ஆள் பையில் பவுடரையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனால், நம் தட்டில் ஒரு சரக்கு குறைந்தது குறைந்ததுதான்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்ல வேண்டும். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளால் வரும் சேதத்துக்குத் தயாரித்தவரோடு விற்றவரையும் சில நிலைமைகளில் பொறுப்பாக்கியிருக்கிறார்கள். தயாரித்தவர் சொல்லாத உத்தரவாதத்தை விற்பவர் தாமாகச் சொல்லி விற்றால், அது பொய்த்துப்போனால், அதுவும் அவற்றில் ஒன்று. "இதையே போடுங்க, மெஷினுக்கு நல்லா இருக்கும்" என்பது யார் சொன்ன உத்தரவாதம்? யோசித்துப் பாருங்கள். அந்த டீச்சர் கோர்ட்டுக்குப் போகும் ஆள் இல்லை. எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

இனி கடைக்காரர்களின் சங்கடம். எனக்கு அது தெரியாதது அல்ல. ஊரில் முன்கதவு மெஷின் நாலு வீட்டில்தான் இருக்கும். ஒரு முழுப் பெட்டி எடுத்தால் ஆறு மாதம் பணம் முடங்கும், மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் தூள் கட்டியாகிவிடும். ஜி.எஸ்.டி. 2017 ஜூலையில் டிடர்ஜென்ட்டுக்கு 28 சதவீதத்தில் தொடங்கி, அந்த நவம்பரில் 18 ஆனது. அப்படியும் முதல் போட்டு வைக்கும் சின்னக் கடைக்கு அது பாரம்தான். எங்கள் லைனுக்கு வரும் ஒரு கம்பெனியின் ரெப் மாதா மாதம் சாதாரணத் தூளுக்கு ஸ்கீம் சொல்வார், ஃப்ரண்ட் லோடில் அரைக் கிலோ பாக்கெட் கேட்டால் "டவுன்ல பாருங்க சார்" என்பார். பெரிய பாக்கெட்டாகவே தள்ளினால் கிராமத்துக் கடைக்காரர் என்ன செய்வார்? இதைச் சங்கத்தின் மூலம் கம்பெனிகளுக்கு எழுத வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சின்ன பாக்கெட் வேண்டும், 'முன்கதவு மெஷினுக்கு' என்று தமிழில் பெரிய எழுத்தில் முன்பக்கமே அச்சிட வேண்டும். பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்க எனக்கே கண்ணாடி போதவில்லை.

கம்பெனி செய்யும் வரை மொத்த வியாபாரிகளாகிய நாங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு, பெட்டியைப் பிரித்துக் கொடுப்பது. ஸ்கீம் கழியும், கணக்கு எழுதத் தொல்லை என்று நாங்கள் பிரிப்பதில்லை. நான் பிரிக்கத் தொடங்கிவிட்டேன். மூன்று பாக்கெட் கேட்டாலும் பெட்டி விலைக்கே போட்டுக் கொடுக்கிறேன். இரண்டு மாதத்தில் விற்காவிட்டால், பிரிக்காத பாக்கெட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு சரக்காகத் தந்துவிடுகிறேன். இதில் எனக்கு லாபம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் மூன்று பாக்கெட் பவுடருக்காக வரும் கடைக்காரர் வெறுங்கையோடா திரும்பப் போகிறார்?

திருச்சுழித் தம்பி நாலு பாக்கெட் எடுத்துப் போனார். அதில் ஒன்றைக் கொண்டுபோய் டீச்சர் வீட்டில் கொடுத்து, "தெரியாமச் சொல்லிட்டேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். காசு வாங்கவில்லையாம். சரிதான் என்றேன், அந்தப் பாக்கெட்டின் விலையை என் கணக்கில் எழுதிக்கொண்டேன். மாதச் சாமான் இன்னும் மதுரையிலிருந்துதான் வருகிறது. ஆனால் கார்த்திகை மாதம் கறிவேப்பிலை வாங்க வந்தபோது அரைக் கிலோ உளுந்தும் சேர்த்து வாங்கினாராம். தம்பி போன் போட்டுச் சொன்னார்.

நரிக்குடி, திருச்சுழி லைனுக்கு எங்கள் வண்டி செவ்வாய்க்கிழமை காலையில் புறப்படும். பிரித்த பெட்டியில் வேண்டுபவர்கள் திங்கள் மாலைக்குள் சொன்னால் ஏற்றிவிடுவேன். காரியாபட்டிக்காரர்களுக்கு வியாழக்கிழமை.